சத்தியம் செய்து கொடுத்த ஓட்டு

மலேசியாவின் 1954-ஆம் ஆண்டுத் தேர்தல் குற்றச் சட்டத்தில் ஒன்பதாவது பிரிவு என்று ஒன்று உண்டு. ஒருவரை ஓட்டுப் போட வைக்கவோ, போடவிடாமல் தடுக்கவோ அடித்தாலும் அடைத்து வைத்தாலும் மிரட்டினாலும் குற்றம் என்கிறது அது. இதில் வியக்க ஒன்றுமில்லை. ஆனால் அதே வாக்கியத்தில், உடலுக்கும் உடைமைக்கும் வரும் கேட்டுக்குப் பக்கத்திலேயே, ஆன்மாவுக்கு வரும் கேட்டையும் எழுதி வைத்திருக்கிறார்கள். 'எனக்குப் போடாவிட்டால் சாமி சும்மா விடாது' என்று ஒருவரைப் பயமுறுத்தினால் அதுவும் குற்றம். 1883-இல் இங்கிலாந்து இயற்றிய தேர்தல் ஊழல் தடுப்புச் சட்டத்திலும் இந்தச் சொற்கள் இருக்கின்றன. இந்தியாவின் 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் இன்னும் வெளிப்படையாக, தெய்வக் கோபத்துக்கு ஆளாவாய் என்று வாக்காளரை நம்ப வைப்பதையே முறைகேடு என்கிறது.

நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்தவன். இந்த நாட்டில் தேர்தல் வந்தால் ஆசிரியர்கள்தாம் வாக்குச்சாவடியில் உட்காருவார்கள். சட்டம் சாமியைப் பற்றியும் பேசுகிறது என்று எனக்குத் தெரிய வந்தது அந்த வேலையால்தான். அப்போது அதைப் படித்துவிட்டு மூடி வைத்தேன். கெலுகோரில் நாங்கள் கூடித் திருமுறை படிக்கும் கோயிலில், 2023 ஆகஸ்ட் மாதம், பினாங்கு மாநிலத் தேர்தலுக்குச் சில நாள் முன்பு, ஓர் அம்மா கேட்ட கேள்விதான் அந்தப் பிரிவை மறுபடி எடுத்துப் பார்க்க வைத்தது.

துன் சர்டோன் தாமான் பக்கத்து அடுக்குமாடியில் இருப்பவர் அவர். கட்டடங்கள் கூட்டித் துடைக்கும் வேலை. வகுப்பு முடிந்து எல்லோரும் பிரசாதம் வாங்கிக்கொண்டிருந்தபோது ஓரமாக வந்து நின்றார். "சார், ஒண்ணு கேக்கணும், தப்பா நினைக்காதீங்க. வீட்டுக்கு வந்து ஒரு உறை குடுத்துட்டுப் போனாங்க. மாரியம்மன் படத்து மேல கை வைக்கச் சொன்னாங்க, வச்சுட்டேன். இப்ப மனசு வேற ஆளுக்குப் போடச் சொல்லுது. சத்தியத்த மீறினா புள்ளைங்களுக்கு ஏதாச்சும் வருமா சார்?"

எந்தக் கட்சி என்று நான் கேட்கவில்லை. அது இந்தக் கேள்விக்குத் தேவையில்லை. வாங்கியவர் வறுமையில் இருப்பவர், வாங்கிய பணத்துக்கு நேர்மையாக இருக்க வேண்டும் என்று தவிப்பவர். அவரை ஏமாற்றுக்காரர் என்று யாரும் சொல்ல முடியாது. நேர்மைதான் அவரைக் கட்டிப் போட்டிருந்தது. தமிழருக்கு நன்றி மறப்பது பெரிய பாவம். செய்ந்நன்றி அறிதல் என்று தனியாக ஓர் அதிகாரம் வைத்தார் வள்ளுவர். துரியோதனன் கெட்டவன் என்று தெரிந்தும் கர்ணன் அவன் பக்கமே நின்று செத்தான். செஞ்சோற்றுக்கடன் என்று சொல்லி அதை நாம் இன்றைக்கும் கண்ணீரோடு போற்றுகிறோம். கூத்தில் கர்ணன் விழும்போது அழாத தமிழன் இல்லை. ஓட்டுக்குப் பணம் கொடுக்க வருகிறவர்கள் நம்முடைய பேராசையை நம்பி வருவதில்லை. உப்பிட்டவரை நினைக்கும் நம் குணத்தை நம்பி வருகிறார்கள். சாமி படம் அதற்குப் பூட்டு.

அந்த அம்மாவுக்கு நான் பதில் சொல்ல எடுத்துக்கொண்டது கர்ணன் கதையை அல்ல, அதே பாரதத்தில் பாஞ்சாலி கேட்ட கேள்வியை. சூதாட்டத்தில் தருமன் எல்லாவற்றையும் தோற்று, தன்னையும் தோற்று, கடைசியாக மனைவியைப் பணயம் வைத்துத் தோற்கிறான். அவளை இழுத்துவர ஆள் வருகிறது. அவள் சட்டம் கேட்கிறாள்: என் கணவர் முதலில் தோற்றது தன்னையா, என்னையா? தன்னையே இழந்தவனுக்கு என்னைப் பணயம் வைக்க என்ன உரிமை? அந்தச் சபையில் பீஷ்மராலேயே நேராகப் பதில் சொல்ல முடியவில்லை. தர்மம் நுட்பமானது என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறார் பீஷ்மர். அந்தக் கேள்விக்குள் இருக்கும் கருத்து எளியது. தனக்குச் சொந்தமில்லாததை ஒருவன் பணயம் வைத்தால் அந்தப் பணயம் செல்லாது. எவ்வளவு பெரிய சபையில் வைத்தாலும், யார் சாட்சியாக இருந்தாலும் செல்லாது.

ஓட்டு எனக்குச் சொந்தமா? என் பெயர்தான் பட்டியலில் இருக்கிறது, என் விரலில்தான் மை வைக்கிறார்கள். ஆனாலும் அது என் வீட்டு நாற்காலி போல எனக்குச் சொந்தமில்லை. நான் போடும் ஓட்டால் யாருடைய சாலை சீராகும், யாருடைய பிள்ளைக்குப் படிப்புதவி கிடைக்கும், யாருடைய வீடு இடிபடும் என்பதெல்லாம் முடிவாகிறது. எதிர்வீட்டு மலாய்க்காரப் பாட்டிக்கும் கீழ்மாடிச் சீனக் கடைக்காரருக்கும் அதில் பங்கு இருக்கிறது. அவர்கள் என்னிடம் ஒப்படைத்து வைத்த பொருள் அது. ஒப்படைத்ததை விற்கவும் முடியாது, சாமி பெயரில் அடகு வைக்கவும் முடியாது. ஆகவே அம்மாவிடம் சொன்னேன்: "நீங்க கை வச்சது உங்க பொருள் மேல இல்லம்மா. அந்தச் சத்தியம் பிடிக்காது. மாரியம்மனுக்கு அது தெரியும்."

இதே கருத்தில் தொடங்கி எனக்கு நேர் எதிரான முடிவுக்குப் போனவர் ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில். பிரதிநிதித்துவ ஆட்சியைப் பற்றி அவர் 1861-இல் எழுதிய நூலில், ஓட்டு என்பது உரிமை அல்ல, பொதுமக்கள் ஒப்படைத்த பொறுப்பு என்று சொன்னார். அதுவரை சரி. பொறுப்பு என்றால் அதை எல்லோரும் பார்க்கத்தான் நிறைவேற்ற வேண்டும், ஆகவே ரகசிய ஓட்டு கூடாது என்று முடித்தார். மறைவில் போடுகிறவன் தன் நலத்தை மட்டும் பார்ப்பான், பலர் முன்னிலையில் போடுகிறவன் வெட்கப்பட்டாவது ஊர் நலத்தை நினைப்பான் என்பது அவர் வாதம். இங்கிலாந்து அவர் பேச்சைக் கேட்கவில்லை. ஆஸ்திரேலியக் குடியேற்றங்கள் 1856-இலேயே தொடங்கிய ரகசிய முறையை 1872-இல் அதுவும் எடுத்துக்கொண்டது.

மில் பெரிய மனிதர். அவர் வாதத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. எவரையும் அண்டிப் பிழைக்காதவர்கள் மட்டும் ஓட்டுப் போடும் ஊரில் அது பொருந்தலாம். நம் ஆட்கள் இந்த நாட்டுக்கு வந்தது தோட்டத்துத் துரைக்கும் கங்காணிக்கும் கீழே. குடியிருந்த லயமும் அவர்களுடையது, அரிசியும் அவர்கள் கணக்கில். அப்படிப்பட்டவன் எல்லோர் முன்னாலும் கையைத் தூக்கி ஓட்டுப் போட்டால் அது யாருடைய கை? இன்றைக்கும் ஒப்பந்தக்காரரிடம் கூட்டிப் பெருக்குகிறவருக்கு அதே நிலைதான். எஜமான், கடன் கொடுத்தவர், கணவன், கோயில் தலைவர் என்று ஒருவர் மாற்றி ஒருவர் எட்டிப் பார்க்கும் வாழ்க்கையில், யாரும் எட்டிப் பார்க்க முடியாத இடம் ஓட்டுப் போடும் அட்டைத் தடுப்புக்குப் பின்னால் மட்டுமே இருக்கிறது. சைவர் நாங்கள் கருவறை முன் நின்று கேட்பதை அர்ச்சகரிடம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தனிமைக்கு அடுத்தபடியாக எனக்குத் தெரிந்த தனிமை வாக்குச்சாவடியில்தான் இருக்கிறது.

அந்தத் தனிமையைக் காப்பது சாவடி அதிகாரியின் கடமை. பணியில் இருப்பவர்கள் ரகசியம் காப்போம் என்று உறுதிமொழி எடுத்துக் கையெழுத்துப் போடுகிறோம். சட்டத்தின் ஐந்தாவது பிரிவு அதற்குரியது. ஒரு தேர்தலில் கண் பார்வை இல்லாத பாட்டி ஒருவர் தனியாக வந்தார். அப்படிப்பட்டவர்களுக்குச் சாவடித் தலைமை அதிகாரி குறியிட்டுக் கொடுக்கலாம். நான் குனிந்தேன், அவர் என் காதில் சின்னத்தைச் சொன்னார், நான் குறியிட்டேன், சீட்டை மடித்து அவர் கையில் வைத்துப் பெட்டியின் வாயைக் காட்டினேன். "சரியாப் போட்டியாப்பா?" என்று கேட்டார். போட்டேன் என்றேன். அவர் என்னை நம்ப வேண்டிய கட்டாயம், வேறு வழியில்லை. அவர் காலமாகிவிட்டார். அவர் சொன்ன சின்னம் என் மனைவிக்குத் தெரியாது, இந்தக் கட்டுரையைப் படிப்பவர்களுக்கும் தெரியப் போவதில்லை. நான் எடுத்த சத்தியங்களில் இதை மீறினால்தான் எனக்குப் பாவம் என்று நம்புகிறேன்.

ஓட்டுச்சீட்டின் வரிசை எண்ணைப் பார்த்து அரசாங்கம் கண்டுபிடித்துவிடும் என்று சம்பளக்காரர்கள் பயந்த காலம் ஒன்று இருந்தது. இப்போது பயம் கைப்பேசியில். மறைவிடத்துக்குள் கைப்பேசியை எடுத்துப் போகக்கூடாது என்று தேர்தல் ஆணையம் கண்டிப்பாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பணம் கொடுத்தவன் படம் கேட்கிறான். படம் எடுக்க முடிந்த நாளில் ரகசியம் செத்துவிடும், அப்புறம் சாமி படமே தேவைப்படாது.

பணம் வாங்கியது தவறில்லையா என்று கேட்பார்கள். தவறுதான். நம் சட்டத்தின் பத்தாவது பிரிவில் கொடுத்தவரோடு வாங்கியவரும் குற்றவாளி. பிலிப்பீன்ஸ் நாட்டின் கார்டினல் சின், மார்க்கோஸ் காலத்தில், பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள், ஓட்டை மனச்சாட்சிப்படி போடுங்கள் என்று ஏழைகளுக்குச் சொன்னதாகப் பலரும் எடுத்துக்காட்டுவார்கள். கொடுங்கோன்மையின் நடுவே அது துணிச்சலான பேச்சு. ஆனால் அதை நம் ஊருக்கு அறிவுரையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏமாற்றலாம் என்று நினைத்துக்கொண்டே கை நீட்டப் பழகுகிறவன் நாளைக்குத் தன் பிள்ளையிடமும் அப்படியே நீட்டுவான். வாங்காமல் இருப்பதே நல்லது, வாங்கிவிட்டால் திருப்பிக் கொடுப்பது நல்லது. அம்மா அந்தப் பணத்தைக் கோயில் உண்டியலில் போட்டுவிடவா என்றும் கேட்டார். வேண்டாம் என்றேன். அந்த அழுக்கை அம்மன் மேல் ஏற்றக்கூடாது, எங்கிருந்து வந்ததோ அங்கேயே போகட்டும். அவர் திருப்பிக் கொடுத்தாரா, யாருக்குப் போட்டார் என்பதை நான் விசாரிக்கவில்லை.

இது ஒரு வீட்டுக் கதை இல்லை என்பதற்குக் கேமரன் மலை சாட்சி. 2018 மே மாதப் பொதுத்தேர்தலில் அங்கே முன்னணியில் மோதிய இருவருமே தமிழர்கள். அந்தத் தொகுதியில் பூர்வகுடிகளான ஓராங் அஸ்லி மக்கள் நிறைய. அவர்களுக்குப் பணம் கொடுக்கப்பட்டது என்று தேர்தல் நீதிமன்றம் முடிவு செய்து, 2018 நவம்பர் 30-ஆம் தேதி அந்தத் தேர்தலையே செல்லாதென அறிவித்தது. 2019 ஜனவரி 26-இல் நடந்த இடைத்தேர்தலில் ரம்லி முகமது நோர் வென்று, மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் ஓராங் அஸ்லி ஆனார். எளிய மக்கள் என்று கருதி உறை கொடுத்த இடத்திலிருந்து அவர்களுடைய ஆளே நாடாளுமன்றம் போனதை நினைத்தால் எனக்கு இன்றும் மகிழ்ச்சியாக இருக்கிறது. தமிழ்நாட்டில் 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர்த் தேர்தல்களும் 2017-இல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலும் பணப் பட்டுவாடாவால் நிறுத்தப்பட்டன. குலசாமி பேரில் சத்தியம் வாங்கிக்கொண்டு பணம் கொடுப்பதை அங்குள்ள உறவினர்களும் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

யாரும் யாருக்கும் கடன்படாமல் ஒருவரைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்ற கவலை நம் முன்னோருக்கும் இருந்தது. காஞ்சிபுரத்துப் பக்கம் உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. 919-இல் ஒன்று, 921-இல் இன்னொன்று. முப்பது குடும்புகள், அதாவது வட்டாரங்கள்; ஒவ்வொரு குடும்பிலும் தகுதியானவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இடுவார்கள். விவரம் அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுப்பான். வாங்குகிறவர் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்க வேண்டும், ஒளித்து வைக்க இடமிருக்கக் கூடாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனுக்கு இடமில்லை, அவனுடைய உறவினர்களுக்கும் இல்லை. பெருமைக்காக இதைப் பலரும் மேடையில் சொல்வார்கள். நான் கவனிப்பது வேறொன்றை. இரண்டே ஆண்டில் அந்தச் சபை தன் விதியைத் தானே திருத்தியது. முப்பதிலிருந்து அறுபது என்றிருந்த வயது வரம்பு முப்பத்தைந்திலிருந்து எழுபது ஆனது. விதி கல்லில் வெட்டியதாக இருந்தாலும், குறை கண்டால் இன்னொரு கல்லை வெட்டினார்கள். அது பிராமணர் சபை, நிலமும் வேதப் படிப்பும் உள்ளவர்களுக்கு உரியது, என் பாட்டன்மார் பெயர் அந்தக் குடத்துக்குள் விழுந்திருக்காது. அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பதினெட்டு வயதான எவர் பெயரும் தானாகவே பட்டியலில் ஏறும் என்று 2019-இல் நிறைவேறி 2021 டிசம்பர் 15-இல் நடைமுறைக்கு வந்த நம் மலேசிய அரசியலமைப்புத் திருத்தம், என் கணக்கில் உத்திரமேரூரை விட உயர்ந்தது. தாத்தா பேத்தி இருவரும் ஒரே வரிசையில் நின்று, யாருக்கு என்று ஒருவரையொருவர் கேட்காமல் வீடு திரும்பிய நாளை என் வீடு 2022 நவம்பரில் பார்த்தது.

இதுவரை சொன்னது ஓட்டுப் போடுகிறவரைப் பற்றி. ஓட்டு வாங்கியவர் கதை வேறு. அவர் மறைவில் எதையும் வாங்கவில்லை. மேடை போட்டு, கொடி கட்டி, இன்ன கட்சி, இன்ன கொள்கை என்று ஊர் அறியச் சொல்லி வாங்கினார். அவருடைய சத்தியம் அவருக்குச் சொந்தமான பொருள் மேல் செய்தது, அதாவது தன் நடத்தை மேல். ஆகவே அது பிடிக்கும். போடுகிறவருக்கு ரகசியமும் விடுதலையும், வாங்கியவருக்கு வெளிச்சமும் கட்டும். இந்த இரண்டையும் நாம் தலைகீழாக வைத்திருந்தோம். ஏழை வாக்காளரைச் சாமி பெயரால் கட்டிவிட்டு, ஜெயித்தவரை மனச்சாட்சி என்ற பெயரால் அவிழ்த்து விட்டிருந்தோம்.

சட்டமும் அப்படித்தான் இருந்தது. கட்சி மாறினால் பதவி போகும் என்று கிளந்தான் மாநிலம் சட்டம் எழுதியபோது, 1992-இல் நோர்டின் சாலே வழக்கில் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. அமைப்பில் சேரும் சுதந்திரம் என்றால் விலகும் சுதந்திரமும் உண்டு என்பது அதன் கருத்து. பினாங்கு சட்டமன்றம் 2012-இல் மாநில அரசியலமைப்பில் 14ஏ என்ற பிரிவைச் சேர்த்துத் துணிந்து மறுபடி எழுதியது. 2020-இல் கூட்டரசு ஆட்சி கவிழ்ந்தபோது பினாங்கில் நான்கு உறுப்பினர்கள் இந்தப் பிரிவின் கீழ் சிக்கினார்கள், வழக்குப் போட்டார்கள். 2022 ஆகஸ்ட் 3-ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம் பினாங்கின் பிரிவு செல்லும் என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதற்குச் சில நாள் முன்பு, ஜூலை 28-இல், மக்களவை 209 பேர் ஆதரவோடு கட்சித் தாவல் தடைத் திருத்தத்தை நிறைவேற்றியிருந்தது. அக்டோபர் 5-இல் அது நடைமுறைக்கு வந்தது. 2023 மார்ச்சில் பினாங்குச் சட்டமன்றம் அந்த நால்வரின் இடங்களைக் காலியாக்கியது.

அப்படியானால் விபீஷணன்? தமிழில் யாரிடம் இதைப் பேசினாலும் அவன் வந்து நிற்பான். அண்ணன் செய்வது அதர்மம் என்று சொல்லிப் பக்கம் மாறியவன். கும்பகர்ணன் அண்ணன் சோற்றுக்காக நின்று செத்தான். கம்பன் இருவரையும் எதிரெதிரே நிறுத்திப் பேச வைத்தபோது யாரையும் இழிவாகப் பேசவில்லை. விபீஷணனைக் கட்சி தாவியவன் என்று சொல்ல எனக்கு மனமில்லை. அவன் சபை நடுவில், அரசன் முகத்துக்கு நேரே, எல்லோரும் கேட்கத் தன் கருத்தைச் சொன்னான். அரசன் விரட்டினான். நான்கு துணைவர்களோடு வெறுங்கையாகப் புறப்பட்டான். இலங்கையில் தனக்கிருந்த இடத்தை அங்கேயே விட்டுவிட்டுத்தான் கடலைக் கடந்தான். பின்னால் பட்டம் கிடைத்தது உண்மை. அது கிடைத்ததால்தான் நம் பாட்டிமார் அவனை இன்னும் முழுதாக மன்னிக்கவில்லை. மனச்சாட்சிக்காக விலகுகிறவரை இந்தச் சட்டம் தடுக்கவில்லை. மக்கள் கொடுத்த நாற்காலியையும் தூக்கிக்கொண்டு போகாதே, திரும்பி வந்து அவர்களிடமே கேள் என்கிறது.

ஒரே ஓர் இடத்தில் எனக்கு இன்னும் உறுத்தல் இருக்கிறது. பினாங்கு 2012-இல் எழுதிய வாசகப்படி, தானே விலகியவர் மட்டுமல்ல, கட்சி வெளியேற்றியவரும் பதவி இழப்பார். கூட்டரசுத் திருத்தம் அப்படி இல்லை, வெளியேற்றப்பட்டவரின் இடத்தை அது பறிப்பதில்லை. அதுவே சரி என்று நினைக்கிறேன். கட்சித் தலைமையிடம் அந்த அதிகாரத்தைக் கொடுத்தால், மக்களிடம் பட்ட கடன் தலைவரிடம் பட்ட கடனாக மாறிவிடும். ராவணன் விரட்டினான் என்பதற்காக விபீஷணனைத் தண்டிப்பது எந்த நீதி? மலைப்பகுதிக் குடியிருப்பைப் பற்றியோ, கடலை மண்ணிட்டு நிரப்புவதைப் பற்றியோ தன் கட்சிக்கு எதிராகச் சட்டமன்றத்தில் பேச ஓர் உறுப்பினர் எழுந்தால், அவருக்கு நாற்காலி பற்றிய பயம் இருக்கக் கூடாது.

போடுகிறவர், வாங்குகிறவர் இருவரையும் தாண்டி மூன்றாவது ஒருவர் இருக்கிறார். அவருக்கு யாரும் ஓட்டே போடவில்லை. துன் சர்டோன் சந்தைக்குப் பின்னால் கால்வாய் அடைத்துக்கொண்டால், நடைபாதையில் கார் நிறுத்தினால், நாம் தேடிப் போவது நகராட்சி உறுப்பினரை. அவர்கள் நியமிக்கப்பட்டவர்கள். 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின்படி ஒரு மன்றத்துக்கு 24 பேர் வரை மாநில அரசு நியமிக்கும், கட்சிகள் பெயர் கொடுக்கும். அவர்களில் நல்லவர்கள், இரவில் அழைத்தாலும் வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் தின்றது யார் சோறு? நியமித்தவர் சோறு. நகரத்துக்கும் கட்சிக்கும் இடையே ஒரு நாள் முரண்பாடு வந்தால் கர்ணனின் கடன் அவர்கள் கழுத்தைப் பிடிக்கும். அதற்கு அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்த அம்மாவை உறை கட்டிப் போட்ட மாதிரியே இவர்களை நியமனக் கடிதம் கட்டிப் போட்டிருக்கிறது.

இந்த ஊரில் எப்போதும் இப்படி நியமனம் மட்டுமே இருந்ததில்லை. 1951 டிசம்பர் முதல் தேதியே நகராட்சித் தேர்தல் நடத்திய ஊர் ஜார்ஜ் டவுன். ஒன்பது இடங்களுக்கான அந்தத் தேர்தலில் ராடிக்கல் கட்சி ஆறில் வென்றது. 1957 ஜனவரி முதல் தேதி ஜார்ஜ் டவுன் மாநகரமானபோது அதன் முதல் மேயர் டி.எஸ். இராமநாதன், தொழிற்கட்சிக்காரர். அவர் பெயரில் இன்றும் இங்கே ஒரு சாலை இருக்கிறது, அதில் போகிற நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவரைத் தெரியும்? 1965 மார்ச் முதல் தேதி, இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி ஊராட்சித் தேர்தல்களை நிறுத்தி வைத்தார்கள். மீண்டும் நடத்தலாமா என்று ஆராய்ந்த அரச ஆணையத்துக்குத் தலைவர் செனட்டர் ஆதி நாகப்பன். தேர்தல் திரும்ப வேண்டும் என்றுதான் அவருடைய ஆணையம் பரிந்துரைத்தது. பரிந்துரை ஏட்டிலேயே இருந்தது. 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு தேர்தலை மொத்தமாக எடுத்துவிட்டது. முதல் மேயரும் தமிழர், திரும்பக் கொண்டுவரச் சொன்னவரும் தமிழர். ஆனால் நம் கோயில் கூட்டங்களில் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவாரில்லை.

பினாங்கு சும்மா இருக்கவில்லை. 2012-இல் தீவுக்கும் செபராங் பிறைக்கும் ஊராட்சித் தேர்தல் நடத்த மாநிலச் சட்டம் இயற்றியது. அதை நிலைநாட்டக் கூட்டரசு நீதிமன்றத்துக்குப் போனது. 2014 ஆகஸ்டில் நீதிமன்றம், கூட்டரசுச் சட்டத்தோடு முரண்படுகிறது, செல்லாது என்றது. கட்சித் தாவலிலும் முதலில் இதே பதில்தான் வந்தது. 1992-இல் செல்லாது என்ற நீதிமன்றம் 2022-இல் செல்லும் என்றது, அதற்கு முப்பது ஆண்டு ஆயிற்று. ஊராட்சித் தேர்தலில் தடை நீதிமன்றத்தில்கூட இல்லை, 15-ஆம் பிரிவில் இருக்கிறது. அந்தப் பிரிவை எடுக்க நாடாளுமன்றத்தில் சாதாரணப் பெரும்பான்மை போதும், ஏனென்றால் அது அரசியலமைப்பு அல்ல, ஒரு சட்டம்.

அடுத்த மாநிலத் தேர்தலுக்கும் பொதுத்தேர்தலுக்கும் வாசலுக்கு வருகிறவர்களிடம் கேட்க நான் இரண்டு கேள்வி வைத்திருக்கிறேன். 15-ஆம் பிரிவை நீக்கும் மசோதாவுக்குக் கை தூக்குவீர்களா? சட்டமன்றத்தில் தன் கட்சிக்கு எதிராகப் பேசியதற்காக விரட்டப்பட்டவரின் இடத்தைக் காப்பீர்களா? பதிலை எழுதி வைத்துக்கொள்வேன், தேதி போட்டு, அவர் பெயர் போட்டு. என் ஓட்டு யாருக்கு என்று அவர்கள் கேட்டால் சொல்ல மாட்டேன்.